காப்புக் கட்டிய வீட்டில் ஒரு மீன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ரௌடி குடியிருக்கிறான். சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடித் தொட்டி முழுக்க அவன் ராஜ்ஜியம். உள்ளே வேறு ஒரு உயிர் கிடையாது. இருந்தவற்றையெல்லாம் அவனே தின்று தீர்த்துவிட்டான்.

வாங்கியபோது அவன் என் சுண்டுவிரல் நீளம்தான். பர்மாவின் தெற்குக் கோடியில், மெய்க் ஊர்ப் பக்கத்துக் கடலில் பிடித்தது, 'ராஸ்' என்கிற இனம், வளர்ந்தால் கல்லைப் புரட்டும் என்றெல்லாம் கடைக்காரர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அப்போது அவன் மீனாகவே தெரியவில்லை. அறுந்து மிதக்கும் பாசித் துணுக்கு மாதிரி, தலையில் இரண்டு மயிரிழையை நீட்டிக்கொண்டு, ஆடி ஆடி வந்தான். ஐயோ பாவம் என்று தூக்கி வந்தேன். யார் பாவம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் நத்தைகள் போயின. பிறகு சிவப்புக் கோடு போட்ட சின்ன இறால்கள். பிறகு, என் மனைவி ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு மஞ்சள் மீன்கள். ஆள் வளர வளர மயிரிழைகள் உதிர்ந்தன, பாசி நிறம் போயிற்று. இப்போது என் முன்கை நீளம் இருக்கிறான். சாம்பல் உடம்பில் ஒவ்வொரு செதிலிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணைச் சுற்றி, அழுது மை கலைந்தது போலக் கறுப்புக் கோடுகள். முன்பல் இரண்டும் வெளியே துருத்தி நிற்கும். அந்தப் பல்லால் தன் தலையைவிடப் பெரிய கல்லைக் கவ்விப் புரட்டிவிட்டு, அடியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடுக்கிய கற்களை அவன் மறுநாள் மதியத்துக்குள் கலைத்துப் போட்டிருப்பான்.

"வாடகைக்கு இருக்கிறவனைக் காலி பண்ண வந்த மாதிரி எல்லாத்தையும் தூக்கித் தூக்கிப் போடுதே, இது என்ன ஜென்மம்?" என்பாள் என் மனைவி. அவள் யாங்கோனின் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். கூட்டலில் தப்பு செய்கிற பிள்ளையை முறைக்கிற அதே பார்வைதான் மீனுக்கும்.

கீழ்வீட்டு அமாவுக்கோ அவன் மேல் கொள்ளைப் பிரியம். எங்கள் தமிழில் அம்மா வேறு, அமா வேறு. பர்மியில் அமா என்றால் அக்கா. ஒரு 'ம்' குறைந்ததும் உறவு மாறிவிடுகிறது. இந்த அமா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாடியேறி வந்ததும் தொட்டிக்கு முன்னால் நின்று, "கோ ஷ்வே, சாப்பிட்டாயா?" என்று மீனைக் கேட்பார். 'கோ' என்பது இளைஞர்களுக்குக் கொடுக்கிற மரியாதை, 'ஷ்வே' என்றால் தங்கம். ரௌடிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள் என்று என் மனைவி முணுமுணுப்பாள்.

யாங்கோனில் இருந்துகொண்டு கடல்மீன் வளர்ப்பவனுக்குப் பைத்தியம் என்றுதான் பெயர். கடலே இங்கே இல்லை. குடிதண்ணீர் ஜாடிகளை வாங்கி, மூட்டையில் வரும் கடலுப்பைக் கரைத்து, நாமேதான் கடலைச் செய்ய வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. கரண்டுதான் பெரிய ஏழரை. கரண்டை நாங்கள் 'மீ' என்போம். பர்மியில் நெருப்புக்கும் விளக்குக்கும் மின்சாரத்துக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். வந்தால் தெருவே "மீ லாப்பி!" என்று கூவும். போனால் தொட்டியில் காற்று மோட்டார் நின்றுவிடும். "மீ போச்சுன்னா உங்க மீனும் போச்சு" என்பது என் மனைவிக்குப் பிடித்த வேடிக்கை. நான் பேட்டரியும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பதால் என் மீன் தப்பித்தது. கடையில் நல்ல பேட்டரி எது வந்தாலும் அது முதலில் தொட்டிக்கு அடியில்தான் போய் உட்காரும்.

சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு பேட்டரியைத் தூக்கும்போதுதான் மார்பைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஏதோ வலையை வைத்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே எனக்கு அது நடந்துகொண்டிருந்தபோது, வெளியே நடைபாதையில் நின்று என் மனைவி எங்கள் பேட்டை அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். இவர் பிழைத்து வந்தால் தீ மிதிக்கிறேன் என்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். அடுப்பில் கை சுட்டாலே அவள் அரைநாள் ஊதிக்கொண்டிருப்பாள். எனக்குக் கோபம் வந்தது, கண்ணீரும் வந்தது.

எதையும் தூக்காதே, ஓடாதே, சும்மா உட்கார் என்றார் டாக்டர். சும்மா உட்காருவது எனக்கு வராது. ஆகையால் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனும் கண்ணாடிக்கு அருகே வந்து, ஒரு கண்ணை என் பக்கமும் மறு கண்ணைக் கல்லின் பக்கமும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வெளிச்சம் மங்கும்போது தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து புதைந்துகொள்வான். அதுதான் அவன் படுக்கை. காலையில் மணல் லேசாக அசையும், முதலில் மூக்கு, பிறகு ஆள். ஒவ்வொரு நாளும் அவன் எழுந்து வருவதைப் பார்த்த பிறகுதான் நான் டீ குடித்தேன். நானும் எழுந்துவிட்டேன், அவனும் எழுந்துவிட்டான் என்று ஒரு நிம்மதி. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த வெயில் காலத்தில் கரண்டு மிக மோசமானது. பேட்டரி ஏறுவதற்குள் மறுபடி போய்விடும். ஒரு வாரம் தொட்டித் தண்ணீர் கலங்கி நாறியது. மீன் மணலைவிட்டு வெளியே வரவே இல்லை. தண்ணீரை மாற்றி மாற்றி ஒருவழியாக நான் அதைத் தெளிய வைத்தபோது, வெளியே வந்தவன் பாதி ஆளாக இருந்தான். வயிறு உள்ளே போய், தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றியிருந்தது. மீன் வளர்ப்பவர்களுக்கு அந்த அறிகுறி தெரியும். உடனே தின்னத் தொடங்காவிட்டால் பிறகு தின்னாது. நான் விடியற்காலையில் க்யிம்யிண்டைங் படகுத்துறைச் சந்தைக்குப் போய்ப் புது இறாலும் மட்டியும் வாங்கிவந்து, உரித்து, சின்னச் சின்னத் துண்டாக நீட்டினேன். தின்னத் தொடங்கினான். கோயிலில் தீமிதிக்கு நாள் குறித்ததும் அதே வாரத்தில்தான்.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. இது தமிழ்நாட்டு ஊர்களில் கிடையாது, யாங்கோன் தமிழர்கள் வீட்டில்தான். கருவாட்டையும் மீன் சாற்றுப் புட்டியையும் ஙப்பி ஜாடியையும் கூடையில் வைத்துப் பர்மியர் வீட்டுக்கு அனுப்புவது. ஙப்பி என்பது அரைத்துப் புளிக்கவைத்த மீன். அது இல்லாத சமையலறை இங்கே எந்தச் சாதியிலும் கிடையாது. விரதம் முடியும் வரை எங்கள் ஜாடி அமா வீட்டில் விருந்தாளி. திரும்பி வரும்போது கொஞ்சம் குறைந்திருக்கும், நாங்கள் கேட்பதில்லை.

அன்று கூடையை அமாவிடம் கொடுத்துவிட்டு, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு, என் மனைவி இடுப்பில் கைவைத்துத் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஙப்பி போயாச்சு, கருவாடு போயாச்சு. இவ்ளோ பெரிய மீனு நடுக்கூடத்துல நீந்திக்கிட்டு இருக்கே, இதுக்கு என்னங்க சொல்றீங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. தொட்டியை யாராலும் நகர்த்த முடியாது. வாளியில் வைத்தால் இந்த நிலைமையில் அவன் ஒரு நாள் தாங்கமாட்டான். கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடமே கேட்டோம். அவர் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"உசுரோட இருக்கிறவரைக்கும் அது ஒரு ஜீவன். அது பாட்டுக்கு இருக்கட்டும், தப்பில்ல," என்றார். "செத்துப்போச்சுன்னாதான் கவுச்சி. ஆனா அதுக்குப் போடுறீங்களே எறா, அது செத்ததுதானே? அது வீட்டுக்குள்ள வரக்கூடாது. கவுச்சி பட்ட காலு குழியில இறங்குனா வெந்துரும், பாத்துக்கங்க."

ஆக, மீன் இருக்கலாம், தின்னக்கூடாது. தின்னாமல் செத்தால் கவுச்சி. நல்ல தீர்ப்பு என்று நான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். மறுநாள் என் மனைவியின் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் ஏறின.

மீனையும் விரதத்தில் சேர்த்துப் பார்த்தேன். வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்துப் போட்டேன். வாயில் வாங்கி, ருசி பார்த்து, என் முகத்தைப் பார்த்துத் துப்பினான். கடலைமாவுத் தோஃபு போட்டேன். அதைப் புரட்டி அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். கடற்பாசியைக் கல்லில் கட்டிவிட்டேன். கல்லையே புரட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் மணல் அசையவில்லை. வெயில் ஏறிய பிறகு மெதுவாக வெளியே வந்து, ஒரு மூலையில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தான். எனக்கு டீயைக் குடிக்கப் பிடிக்கவில்லை.

என் மனைவி ஒருவேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, மஞ்சள் சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அமா மேலே வந்தார். எங்கள் விரதத்துக்கு என்று வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்திருந்தார். சாய்ந்து கிடந்த மீனைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பர்மியில் பேசினார். நாங்களும் அதில்தான் பதில் சொன்னோம்.

"நீ இப்போது தெத்தத்லுத் இருக்கிறாயா, தங்கச்சி?" என்று என் மனைவியைக் கேட்டார்.

தெத்தத்லுத் என்றால் சைவச் சாப்பாடு. கடையில் கறி மீன் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் எல்லோரும் தினம் வாயில் போட்டு மெல்லுகிற சொல். ஆமாம் என்றாள்.

"அப்படியானால் இவன்?" என்று அமா மீனைக் காட்டினார். அவ்வளவுதான் கேட்டார். பழத்தை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. என் மனைவிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "தெத்னா உசுரு," என்றாள் மெதுவாக. "தத்னா கொல்றது. லுத்னா விட்டது. கொல்றதை விட்டதுன்னு அர்த்தம். சாப்பாடுன்னு அதுல ஒரு வார்த்தையுமே இல்லைங்க." பிறந்ததிலிருந்து பேசுகிற சொல்லை அன்றுதான் பிரித்துப் பார்த்தோம். நாங்கள் சைவம் என்று நினைத்துக்கொண்டே அதைச் சொல்லிவந்திருக்கிறோம். எதைத் தின்கிறோம் என்பதுதான் எங்களுக்குச் சைவம். அவர்களுடைய சொல்லுக்கோ யாரைச் சாகவிடுகிறோம் என்பதுதான் கணக்கு.

அவள் எழுந்தாள். மாடிப்படியில் நின்று, "அமா!" என்று கீழே குரல் கொடுத்தாள். இறால் இருக்கிறதா என்று கேட்டாள். அமா கழுவி உரித்து வாழையிலைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து, வேப்பிலைக்கு அந்தப் பக்கமே நின்று நீட்டினார். நான் வாங்கக் கை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க," என்றாள் என் மனைவி.

"நான் காப்புக் கட்டலையே. நான் போடறேன், நீ தள்ளி இரு."

"வேண்டுதல் யாருக்கு? உங்களுக்கு. நீங்க தொட்டு, தப்பாகி, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எதுக்கு அந்தக் குழியில எறங்கணும்? தப்புன்னா அது என் காலோட போகட்டும்."

"வெந்துரும்னு பூசாரி சொன்னாரே!"

"வேகட்டும். மீனைக் கொன்னுட்டு, உசுரைக் குடுத்ததுக்கு நன்றின்னு அம்மன் முன்னாடி போய் நிக்கச் சொல்றீங்களா?"

பொதியை அவளே வாங்கிக்கொண்டாள். காப்புக் கட்டிய இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு துண்டு இறாலைத் தண்ணீருக்குள் நீட்டினாள். அவள் அந்தத் தொட்டிக்குள் கைவிட்டது அதுதான் முதல் தடவை. மூக்கைச் சுளித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மீன் சாய்ந்தபடியே கண்ணை உருட்டியது. பிறகு நிமிர்ந்தது. தள்ளாடிக்கொண்டு வந்து, அவள் விரலிலிருந்து வெடுக்கென்று பிடுங்கியது.

"கடிச்சிருச்சு சனியன்!" என்று கத்தினாள். கத்தியவள் சிரித்துவிட்டாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

அன்றிலிருந்து தீமிதி வரை இதுவே முறையாயிற்று. காலையில் மீனுக்கு இறால், உடனே தலைமுழுக்கு, பிறகு பூசை. கூந்தல் உலராமல் சளி பிடித்துத் தும்மினாள். தும்மிக்கொண்டே மீனைத் திட்டினாள். அவன் வயிறு மெல்ல உருண்டு வந்தது. ஒருநாள் பெரிய கல்லைப் புரட்டித் தொட்டிக் கண்ணாடியில் மோதவிட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் கைகொட்டினேன். மீன் பிழைத்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷத்தின் அடியிலேயே பயம் உட்கார்ந்திருந்தது. இப்போது பணயம் அவள் கால்கள். எனக்காக ஒரு தடவை, என் மீனுக்காக இன்னொரு தடவை. கோயிலில் யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை.

தீமிதி அன்று சாயங்காலம் குழிக்குப் பக்கத்தில் நிற்க முடியாத அனல். முறத்தால் விசிறி, சாம்பலை ஊதி, கங்குகளைப் பரப்பினார்கள். பறைச் சத்தம் என் மார்புக்குள் வைத்த வலையையே அதிரவைத்தது. மஞ்சள் சேலைகளின் வரிசையில் அவள் நடுவில் நின்றாள். கையில் வேப்பிலை. என்னைத் தேடவில்லை, நேராகப் பார்த்தாள். என் பக்கத்தில் அமா இரண்டு கைகளையும் கூப்பிப் பர்மியில் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை. எந்தச் சாமியாக இருந்தாலும் அந்த நேரத்தில் எனக்குச் சரிதான்.

அவள் முறை வந்தது. ஓடவில்லை. வகுப்பில் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கிற அதே நடை. அந்தப் பக்கம் பால் ஊற்றிய பள்ளத்தில் இறங்கி நின்றபோதுதான் நான் மூச்சு விட்டேன். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள். முகமெல்லாம் வேர்வை. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

காப்பை அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து நானே அவள் கால்களைக் கழுவினேன். வேண்டாம் என்று இழுத்துக்கொண்டாள், நான் விடவில்லை. மஞ்சளும் சாம்பலும் கரைந்து போனதும் பாதம் சுத்தமாகத் தெரிந்தது. வலது கால் நன்றாக இருந்தது. இடது காலில், பெருவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம்.

நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்புக் கடிச்சிருச்சு," என்றாள்.

காப்புக் கட்டிய நாளிலிருந்து அவள் செருப்பே போடவில்லை.

"புதுச் செருப்புன்னா அப்படித்தான்," என்றேன். களிம்பை எடுத்துவந்து, வலிக்காமல் தடவினேன்.